விலகிப் போக வழி வைக்கும் மென்பொருள்

(வீட்டுப் படங்களையும் பாட்டுகளையும் காக்கும் சர்வரைத் தேர்ந்தெடுப்பது குறித்து, மலேசியாவின் மலையூரான தானா ராத்தாவில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வீட்டில் சேர்ந்து கிடக்கும் படம், பாட்டு, குடும்ப வீடியோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, கூடத்து டிவியிலும் கைப்பேசியிலும் பார்க்க உதவும் மென்பொருள்கள் இன்று பல இருக்கின்றன. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இந்தப் பேச்சை எங்கே எடுத்தாலும் முதலில் வந்து நிற்கும் கேள்வி, "பிளெக்ஸ் நல்லதா, ஜெல்லிஃபின் நல்லதா?" என்பதே. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு அந்த மென்பொருளை விட்டு விலக நேர்ந்தால், உங்கள் தொகுப்பு குலையாமல் உங்களோடு வரவேண்டும். அப்படி வரவிடும் மென்பொருளே வீட்டுக்கு ஏற்றது. மற்ற வசதிகளெல்லாம் அதற்கு அடுத்துத்தான். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

எதையாவது வீட்டில் சேர்த்து வைக்க வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்கலாம். மாதக் கட்டணம் கட்டினால் படமும் பாட்டும் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றனவே என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்தச் சேவைகளில் இருக்கும் படங்கள் ஒப்பந்தக் காலம் வரைதான் இருக்கும். ஒப்பந்தம் முடிந்தால் ஒரு நாள் காலையில் படம் காணாமல் போகும். 2019-இல் மைஸ்பேஸ் என்ற தளம், 2015-க்கு முன் தன்னிடம் ஏற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தின்போது அழிந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் போயின என்று அப்போது செய்தி வந்தது. அங்கே மட்டுமே வைத்திருந்த கலைஞர்களுக்கு வேறு பிரதி இல்லை.

நம் சொந்த வரலாற்றிலும் இந்த இழப்பு உண்டு. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931-இல் வெளியானது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. அதற்கு முன்பு நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம் 'கீசக வதம்' இருந்த சுவடே தெரியாமல் போயிற்று. தியேட்டர் தியேட்டராக ஓடி, ஆயிரக்கணக்கானோர் பார்த்த படங்களுக்கே இந்த கதி. அப்படியிருக்க, நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவை 1980-களில் யாரோ ஒருவர் வீடியோவில் பிடித்தாரே, அதன் ஒரே பிரதிக்கு யார் பொறுப்பு?

1885-இல் வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்தது புத்தகத்தில் இருக்கிறது. 1929-இல் ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதும் இருக்கிறது. ஆனால் கொழுந்து பறித்த நம் பாட்டிகளின் குரல் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அது வீட்டுக் கேசட்டில் இருக்கிறது, திருமண வீடியோவில் இருக்கிறது, பள்ளி ஆண்டு விழாப் பதிவில் இருக்கிறது. தோட்ட வேலையை விட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போன குடும்பங்கள் பல. அவர்கள் விட்டுப்போன லயத்து வீடுகளில் சில இன்று இடிந்து கிடக்கின்றன. அந்த வாசலும் அந்த மனிதர்களும் அந்த வீடியோக்களில் மட்டுமே மிஞ்சியிருக்கிறார்கள்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் வாழ்ந்தார். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தன் வீட்டில் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கிக் காத்தது. 1994-இல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தது. தனி மனிதர் ஒருவர் வீட்டில் சேர்த்த பொருள், இன்று தமிழ் ஆராய்ச்சியாளர் எவரும் தவிர்க்க முடியாத களஞ்சியம். அதற்குக் காரணம் இரண்டு: அவர் சேர்த்தார், பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயரும் ஆண்டும் எழுதிப் பட்டியலிட்டார்கள். வீட்டு சர்வருக்கும் இந்த இரண்டும்தான் அடிப்படை.

இனி, சர்வர் என்றால் என்ன என்று பார்ப்போம். வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கணினி. அதில் உங்கள் கோப்புகள் இருக்கும். அதிலுள்ள மென்பொருள் அந்தக் கோப்புகளைப் படித்து, போஸ்டர், ஆண்டு, நடிகர் பெயர் எல்லாம் சேர்த்து அழகாக அடுக்கிக் காட்டும். டிவியில் ஒரு படத்தைத் தொட்டால், வீட்டு வைஃபை வழியாக அனுப்பி வைக்கும். பாதி பார்த்துவிட்டுத் தூங்கிப்போனால், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

அனுப்பும் முறை இரண்டு வகை. கோப்பின் வடிவம் டிவிக்குத் தெரிந்ததாக இருந்தால் சர்வர் அப்படியே அனுப்பிவிடும். அதற்கு மிகக் குறைந்த சக்தி போதும். டிவிக்குத் தெரியாத வடிவமாக இருந்தால் உடனுக்குடன் மாற்றி அனுப்ப வேண்டும். ஒரு கூட்டத்தில் மலாயில் பேசுகிறவர் பேசப் பேச, பக்கத்தில் நின்று ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வருவதைப் போன்ற வேலை அது. திறமை வேண்டும், வேகமும் வேண்டும். இதைத்தான் டிரான்ஸ்கோடிங் என்கிறோம். இன்டெல் சில்லுகளில் இதற்கென்றே 'குவிக் சிங்க்' என்ற தனிப் பகுதி உண்டு. என்100 சில்லு பொருத்திய சிறு பெட்டிக் கணினியே ஒரு குடும்பத்துக்குப் போதும். ராஸ்பெர்ரி பை 5-ஐ வாங்க நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் வீடியோவை மாற்றி எழுதும் வன்பொருள் கிடையாது. பாட்டுக்கு அது தாராளம். படத்தை மாற்றி அனுப்ப அது திணறும்.

இப்போது மென்பொருள்களின் கதைக்கு வருகிறேன். இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் தேர்வு தானாகத் தெளிவாகும்.

2002-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்க்க ஆர்வலர்கள் சிலர் ஒரு மென்பொருள் எழுதினார்கள். அது வளர்ந்து எக்ஸ்பிஎம்சி ஆனது. 2014-இல் கோடி என்று பெயர் மாறியது. எலன் ஃபைன்கோல்ட் என்பவர் 2007-இன் இறுதியில் அதை ஆப்பிள் கணினிக்குக் கொண்டுவர முயன்றார். அந்தக் கிளை 2008-இல் பிளெக்ஸ் என்ற பெயரில் தனியே பிரிந்து, பின்னர் ஒரு நிறுவனமாக வளர்ந்தது.

மற்றொரு கிளை விண்டோஸ் மீடியா சென்டரை நம்பிப் பிறந்தது. மீடியா பிரவுசர் என்று அதற்குப் பெயர். பின்னர் எம்பி என்று மாறியது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் விண்டோஸ் 10-ஐ வெளியிட்டபோது மீடியா சென்டரையே கைவிட்டது. எம்பி அதற்குள் தன் காலில் நிற்கப் பழகியிருந்ததால் பிழைத்தது. ஆனால் 2018 டிசம்பரில் எம்பியின் மூலநிரல் மூடப்பட்டது. அதுவரை உழைத்த தன்னார்வலர்களில் ஒரு பகுதியினர், கடைசியாகத் திறந்திருந்த 3.5.2 பதிப்பை எடுத்துக்கொண்டு தனிவழி போனார்கள். அதுதான் ஜெல்லிஃபின். அதை நடத்துவது நிறுவனம் இல்லை, தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை.

பாட்டுக்கான சர்வரிலும் இதே கதை நடந்தது. சப்சானிக் என்பது நீண்ட காலம் திறந்த மென்பொருளாக இருந்து 2016-இல் மூடப்பட்டது. அதிலிருந்து ஏர்சானிக் கிளைத்தது. பிறகு நேவிட்ரோம் என்ற புதிய மென்பொருள், பழைய சப்சானிக் கைப்பேசிச் செயலிகள் எல்லாம் தன்னோடு பேசும்படி எழுதப்பட்டு வந்தது.

மூலநிரலை மூடிய நிறுவனங்களை நான் குறை சொல்ல வரவில்லை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் வயிறு இருக்கிறது. நாம் கண்டுகொள்ள வேண்டியது வேறு. இருபது ஆண்டுகளில் பெயர் மாறியது, உரிமம் மாறியது, கட்டணம் மாறியது, நம்பியிருந்த அடித்தளமே கைவிடப்பட்டது. உங்கள் அம்மாவின் குரல் உள்ள பதிவை நீங்கள் வைத்திருக்க விரும்புவது இருபது ஆண்டுக்கு மட்டுமா? பேரப்பிள்ளைகளுக்கும் வேண்டும் அல்லவா? ஆகவே எந்த மென்பொருளும் நம்மோடு கடைசிவரை வராது என்று வைத்துக்கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்று நம் முன் நிற்கும் மூன்றையும் நேராகப் பார்ப்போம்.

பிளெக்ஸின் பலம் எளிமை. ஏறக்குறைய எல்லா டிவியிலும் அதன் செயலி கிடைக்கிறது. நிறுவி, கணக்குத் தொடங்கி, ஃபோல்டரைக் காட்டினால் வேலை முடிந்தது. கோலாலம்பூரில் இருக்கும் மகள் இங்குள்ள சர்வரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால், ரௌட்டரில் அதிகம் கைவைக்காமலே பல வீடுகளில் வழி கிடைத்துவிடும். ஆனால் 2025 ஏப்ரல் 29 முதல், வீட்டுக்கு வெளியே இருந்து சொந்த வீடியோவைப் பார்க்கக் கட்டணம் உண்டு. சர்வர் வைத்திருப்பவர் பிளெக்ஸ் பாஸ் என்ற சந்தாவை வாங்க வேண்டும், அல்லது பார்க்கிறவர் தனியே ஒரு மாதச் சந்தா கட்ட வேண்டும். ஆயுள் சந்தாவும் அப்போது சுமார் 120 அமெரிக்க டாலரிலிருந்து சுமார் 250 டாலரானது. வன்பொருள் மூலம் டிரான்ஸ்கோடிங் செய்யவும் அந்தப் பாஸ் வேண்டும். வீட்டுக்குள் பார்ப்பது இன்னமும் இலவசம்.

மலையில் இருக்கிற நமக்கு இன்னொரு கவலை உண்டு. பிளெக்ஸில் உங்கள் கணக்கு அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. உள்ளே நுழையும்போது சரிபார்ப்பது அவர்களுடைய சர்வர். கனமழையில் மண் சரிந்து இணையக் கம்பி அறுந்துபோகிற ஊர் இது. இணையம் இல்லாதபோதும் வீட்டுக்குள் ஓட வேண்டுமானால், வீட்டு நெட்வொர்க்குக்கு விலக்கு அளிக்கும் அமைப்பை முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். போடாமல் விட்டால், படம் பக்கத்து அறையில் இருக்கும், பார்க்க மட்டும் முடியாமல் போகலாம். 2022 ஆகஸ்டிலும் 2025 செப்டம்பரிலும் பிளெக்ஸின் பயனர் விவரங்கள் வெளியாட்கள் கையில் சிக்கியதால், எல்லாரையும் கடவுச்சொல்லை மாற்றும்படி நிறுவனமே கேட்டுக்கொண்டது.

எம்பி நடுவில் நிற்கிறது. கணக்கு உங்கள் வீட்டு சர்வரிலேயே இருக்கலாம். வடிவமைப்பு நிதானமானது. ஆனால் வன்பொருள் டிரான்ஸ்கோடிங் போன்ற முக்கிய வசதிகளுக்குப் பிரீமியர் சந்தா வேண்டும். மூலநிரலும் மூடியது.

ஜெல்லிஃபினில் எல்லா வசதியும் இலவசம். கணக்குகள் முழுக்க உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. இணையம் அறுந்தாலும் கூடத்து டிவியில் படம் ஓடும். ஆண்ட்ராய்டு டிவிக்கும் எல்ஜி டிவிக்கும் செயலி உண்டு. சாம்சங் டிவிக்கு நீண்ட காலம் கடையில் கிடைக்காமல் பலரும் அவதிப்பட்டார்கள். ஒரு சிறிய ஆண்ட்ராய்டு பெட்டியை டிவியில் செருகிவிட்டால் அந்தச் சிக்கல் தீரும். குறை என்னவென்றால், வெளியூரிலிருந்து பார்க்கும் வழியை நீங்களே அமைக்க வேண்டும். கோளாறு வந்தால் கூப்பிட அலுவலகம் கிடையாது. வீட்டில் கொஞ்சம் ஆர்வமுள்ள பிள்ளை ஒருவர் இருந்தால் போதும், சமாளிக்கலாம்.

ஒரே டிவி, ஒரே ஹார்டு டிஸ்க், வேறு யாரும் பார்க்கப் போவதில்லை என்ற வீட்டுக்கு சர்வரே தேவையில்லை. முன்பு சொன்ன கோடி மென்பொருளே போதும். தேவைக்கு மேல் இயந்திரம் வைப்பதால் பராமரிப்புதான் கூடும்.

இனி, ஆங்கில வழிகாட்டிகள் பொதுவாகச் சொல்லாத பகுதிக்கு வருகிறேன். நம் தொகுப்பு தமிழ்த் தொகுப்பு. அதற்கென்று தனிச் சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, படப் பெயர். 'விக்ரம்' 1986-இலும் வந்தது, 2022-இலும் வந்தது. 'பில்லா' 1980, 2007. 'படிக்காதவன்' 1985, 2009. 'பொல்லாதவன்' 1980, 2007. ஃபோல்டருக்கு வெறும் 'பில்லா' என்று பெயர் வைத்தால், ரஜினி படத்துக்கு அஜித் போஸ்டர் வந்து உட்காரும். ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர், பெயர், அடைப்புக்குறிக்குள் ஆண்டு. இந்த ஒரு பழக்கத்தை மூன்று மென்பொருளும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும். நாளை வரப்போகும் நான்காவதும் புரிந்துகொள்ளும். மனிதனும் புரிந்துகொள்வான். நான் முதலில் சொன்ன 'விலகிப் போக வழி' இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது, பாட்டு. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1986-இல் வந்த 'மௌன ராகம்' இசைத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாட்டு. இசை இளையராஜா, எழுதியவர் வாலி. சில பாட்டை எஸ். பி. பாலசுப்ரமணியம் தனியாகப் பாடினார், சிலவற்றை எஸ். ஜானகி தனியாகப் பாடினார், ஒன்றை இருவரும் சேர்ந்து பாடினார்கள். மேல்நாட்டு முறைப்படி 'கலைஞர்' என்ற இடத்தில் பாடகர் பெயரை மட்டும் எழுதினால், சில மென்பொருள்கள் இந்த ஒரே தட்டை மூன்று தட்டாக உடைத்துக் காட்டும். இளையராஜா எங்கும் இருக்க மாட்டார். வாலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆனால் நாம் பாட்டை எப்படித் தேடுகிறோம்? எந்தப் படம், யார் இசை, யார் பாடியது, யார் எழுதியது என்ற வரிசையில் தேடுகிறோம். ஆகவே கோப்பின் குறிப்புகளில் ஆல்பம் என்ற இடத்தில் படப் பெயரும் ஆண்டும், ஆல்பம் கலைஞர் என்ற இடத்தில் இசையமைப்பாளர், கலைஞர் என்ற இடத்தில் பாடகர்கள், பாடலாசிரியர் என்ற இடத்தில் கவிஞர் என்று எழுதுங்கள். இந்தக் குறிப்புகள் பாட்டுக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். எந்த மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும். 2025-இல் வந்த நேவிட்ரோம் பதிப்பிலிருந்து, ஒரே பாட்டுக்குப் பல பாடகர்களையும், இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோரையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடிகிறது. பாட்டே முதன்மை என்ற வீட்டுக்கு நான் நேவிட்ரோமைத்தான் சொல்வேன். ஜெல்லிஃபினும் அதுவும் ஒரே கணினியில், ஒரே ஃபோல்டரைப் படித்துக்கொண்டு சண்டையில்லாமல் ஓடும்.

இளையராஜா, பாலசுப்ரமணியம் போன்ற பெயர்களை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு எழுத்து மாற்றத்துக்கும் சர்வரில் ஒரு புதிய மனிதர் பிறப்பார். ஆகவே தமிழிலேயே எழுதுங்கள். ஒரே விதமாக எழுதுங்கள்.

மூன்றாவது, எழுத்துரு. பழைய கணினிகளில் தமிழ், டிஸ்கி போன்ற குறியீடுகளில் இருந்தது. அந்தக் காலத்துக் குறிப்புகள் இன்று ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பயந்து அழித்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. தமிழ்க் கணிமைக்கு மலேசியா தந்த பங்கு சிறியதில்லை. முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். அந்த உழைப்பின் பலனை நம் வீட்டுக் கோப்புகளிலும் பயன்படுத்த வேண்டாமா?

யூனிகோடிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கொடி' என்பதில் உள்ள 'கொ'வைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒரு விதம். முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாக வைப்பது இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆப்பிளின் பழைய கோப்பு முறை கோப்புப் பெயர்களை இப்படிப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து நகலெடுத்த கோப்பை நீங்கள் தமிழில் தட்டித் தேடினால், எதிரே இருந்தும் அகப்படாமல் போகலாம். பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றும் கருவியை ஒருமுறை ஓட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. 'தேடினேன், இல்லை' என்று ஒரு நல்ல பதிவைக் கைவிடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

அடுத்து, அலமாரியில் கிடக்கும் தட்டுகளும் நாடாக்களும். நம் வீடுகளில் அதிகம் இருப்பது விசிடி. அதைக் கணினியில் போட்டால் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டருக்குள் 'டேட்' என்று முடியும் கோப்புகள் இருக்கும். ஒரு தட்டில் 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால், நம் படங்கள் இரண்டு அல்லது மூன்று தட்டுகளாக வரும். அப்படியே நகலெடுத்து வைத்தால் சர்வர் ஒரே படத்தை மூன்று படமாகக் காட்டும். ஒரே ஃபோல்டரில் போட்டு, பெயர் முடிவில் சிடி1, சிடி2 என்று ஆங்கில எழுத்தில் சேர்த்தால், அவை ஒரே படத்தின் பகுதிகள் என்று ஜெல்லிஃபினும் பிளெக்ஸும் புரிந்துகொள்ளும். அந்த வீடியோ எம்பெக்-1 என்ற பழைய வகை. பல டிவிகளுக்கு அது நேரடியாகப் புரியாது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியால் ஒருமுறை மாற்றி வைத்தால் சர்வருக்குச் சுமை குறையும். ஆனால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றியதிலிருந்து மூலத்தைத் திரும்பப் பெற வழி இல்லை.

வீடியோ கேசட்தான் மிக அவசரம். விஎச்எஸ் பிளேயர் செய்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி இருப்பவை பழைய பிளேயர்கள் மட்டுமே. நம் மலைக் குளிர் நாடாவுக்கு நல்லதுதான். ஆனால் ஈரம் பகை. நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதைப் பிளேயரில் போடாதீர்கள். பூஞ்சை பிளேயரின் தலையில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மூன்று மணி நேர நாடாவைப் பதிவு செய்ய மூன்று மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. பதிவாகும்போது பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 'இது யார் பாட்டி? இந்த வீடு எந்த டிவிஷன்?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திரைப்படத்துக்குப் போஸ்டரும் விவரமும் இணையத்தில் கிடைக்கும். உங்கள் அத்தை கல்யாணத்துக்கு விவரம் அத்தையிடம் மட்டும்தான் இருக்கிறது.

நம் நாட்டுப் படைப்புகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சொன்ன தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-இல் வந்தது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் வந்தது. இவற்றின் தட்டு உங்களிடம் இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். உள்ளூர்ப் பாடகர் சொந்தச் செலவில் வெளியிட்ட கேசட் இருந்தால், அது இன்னும் அரியது.

இடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு சிடியைத் தரம் குறையாமல் ஃபிளாக் வடிவில் வைத்தால் சுமார் 300 முதல் 400 மெகாபைட் வரை வரும். 300 சிடி இருந்தாலும் 120 ஜிபிக்குள் அடங்கிவிடும். டிவிடி ஒன்று 4 முதல் 8 ஜிபி. 200 டிவிடிக்கு ஒன்றரை டிபி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, 4 டிபி ஹார்டு டிஸ்க் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும். மின்சாரமும் கணக்கில் வரும். 10 வாட் இழுக்கும் சிறு கணினி ஆண்டு முழுதும் ஓடினால் சுமார் 88 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய பெரிய கணினி சுமார் 525 யூனிட். பழையது சும்மா கிடக்கிறதே என்று எடுத்து ஓட்டினால், மிச்சம் பிடித்த பணம் மின்கட்டணத்தில் போய்விடும். திடீரென்று மின்சாரம் போகும் இடங்களில் ஒரு சிறிய யூபிஎஸ் கட்டாயம் வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம் காப்புப் பிரதி. இரண்டு டிஸ்கை இணைத்து ஒன்று போனால் மற்றொன்று தாங்கும்படி அமைப்பதை ரெய்டு என்கிறார்கள். அது நல்லதே. ஆனால் கை தவறி அழித்தால் இரண்டிலும் அழியும்; இடி விழுந்தால் இரண்டும் போகும். ஆகவே மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்ற விதியைப் பின்பற்றுங்கள். குடும்ப வீடியோக்களை மட்டுமாவது இன்னொரு டிஸ்கில் போட்டு ஈப்போவிலோ தாப்பாவிலோ உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். மண்சரிவோ வெள்ளமோ இரண்டு வீட்டையும் ஒரே நாளில் தொடுவது அரிது.

வெளியூரிலிருந்து பார்க்கும் வசதிக்கு வருகிறேன். ரௌட்டரில் ஒரு துளை போட்டு சர்வரை நேராக இணையத்தில் திறந்துவிடும்படி சிலர் சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள். 2022-இல் கடவுச்சொல் காக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலேயே பெரிய திருட்டு நடந்தது. அதன் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் புதுப்பிக்காமல் கிடந்த பழைய பிளெக்ஸ் பதிப்பின் வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள். அந்த ஓட்டையை 2020-லேயே பிளெக்ஸ் அடைத்திருந்தது, அவர் புதுப்பிக்கவில்லை. ஆகவே இரண்டு விதி: மென்பொருளைக் காலத்தோடு புதுப்பியுங்கள், வெளியிலிருந்து வர டெயில்ஸ்கேல், வயர்கார்டு போன்ற மறைவழியைப் பயன்படுத்துங்கள். சர்வருக்குக் கோப்புகளைப் படிக்கும் அனுமதியை மட்டும் கொடுங்கள், அழிக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். அப்படியிருந்தால் யார் நுழைந்தாலும், குழந்தை ரிமோட்டைத் தட்டினாலும், மூலம் எளிதில் அழியாது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. இந்த நாட்டில் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கியதை வையுங்கள், வீட்டுக்குள் பாருங்கள். ஊருக்கெல்லாம் திறந்துவிடுவதும், காசு வாங்கிக்கொண்டு கடவுச்சொல் தருவதும் கலைஞர்களின் சோற்றில் கைவைப்பதாகும். நம் உள்ளூர்க் கலைஞர்கள் ஏற்கெனவே சிறிய சந்தையில் தடுமாறுகிறவர்கள்.

இப்போது தீர்ப்பைச் சொல்கிறேன். ஆர்வமுள்ள ஒருவர் இருக்கும் வீட்டுக்கு ஜெல்லிஃபின். பாட்டு நிறைய இருந்தால் கூடவே நேவிட்ரோம். நீங்கள் திருத்திய விவரங்களை என்எஃப்ஓ என்ற சிறு எழுத்துக் கோப்பாகப் படத்தின் பக்கத்திலேயே எழுதி வைக்கும் வசதி ஜெல்லிஃபினில் உண்டு, எம்பியிலும் உண்டு. அதை முதல் நாளே இயக்கிவிடுங்கள்; அதற்கு எழுதும் அனுமதி வேண்டும் என்பதால், விவரங்களைத் திருத்தும்போது மட்டும் அதைக் கொடுத்து, முடிந்ததும் படிக்கும் அனுமதிக்கே மாற்றிவிடுங்கள். பிளெக்ஸ் தன் திருத்தங்களைத் தன் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்ளும். கவனிக்க ஆள் இல்லாத வீட்டில், வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், பிளெக்ஸ் வையுங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஃபோல்டரும் கோப்புப் பெயரும் பாட்டுக் குறிப்பும் ஒழுங்காக இருக்கட்டும். தேர்ந்தெடுத்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள்: அந்த மென்பொருளை முழுக்க நீக்கிவிட்டு, வேறொன்றை நிறுவி, அதே ஃபோல்டரைக் காட்டுங்கள். படங்கள் சரியான பெயரோடும் ஆண்டோடும் வந்து நின்றால், உங்கள் தொகுப்பு உங்கள் கையில் இருக்கிறது. வராவிட்டால், அது இன்னும் மென்பொருளின் கையில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கணினி எங்கே இருக்கிறது, கடவுச்சொல் என்ன, காப்புப் பிரதி யார் வீட்டில் இருக்கிறது, எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, நிலப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். சேர்த்தவர் மறைந்த பிறகு, எதுவும் புரியாமல் பிள்ளைகள் தூக்கி எறிந்த தொகுப்புகள் ஏராளம். இந்த வாரமே வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து, வீடியோ கேசட்டுகளை முதலில் தனியே எடுத்து வையுங்கள். மென்பொருளை அடுத்த மாதம் தேர்ந்தெடுக்கலாம். நாடா அதுவரை காத்திருக்கும் என்று உறுதி இல்லை. பதிவு செய்யும் கருவி இல்லாதவர்கள் இருப்பவர்களோடு சேர்ந்து கொள்ளுங்கள். பள்ளிப் பெற்றோர் சங்கமும் கோயில் நிர்வாகமும் நினைத்தால், நல்ல நிலையில் உள்ள ஒரு பிளேயரையும் ஒரு பதிவுக் கருவியையும் ஊருக்குப் பொதுவாக வைத்திருக்க முடியும். அந்த வேலையைத் தொடங்க முன்வருகிறவர்களோடு நானும் நிற்கிறேன்.